இரண்டாம் குரல்

காங்கேயம் ரோட்டில் மூன்றாம் மாடி.
ட்யூப் லைட் பதித்த கண்ணாடி மேசை.
நாளொன்றுக்கு எழுநூறு பனியன்
என் கண்ணைக் கடந்து போகும்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
எங்கே குறையோ அங்கே ஒட்ட வேண்டும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

பதினோரு வருடம்.
வீட்டுக்கு வந்தாலும் கண் அணைவதில்லை.
குழம்பில் உப்பு, மகன் சட்டையின் காலர்,
அவர் சிரிக்கையில் ஒரு பக்கம் கோணும் வாய்,
ஐயர் பிரசங்கத்தில் நாற்பது முறை வரும் "ஆகவே".
எல்லாவற்றிலும் விழுந்துவிடும் ஓர் அம்பு.

ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நான் ஆல்ட்டோ.
ராகமெல்லாம் சோப்ரானோக்காரிகளுக்கு.
அவர்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள்,
உச்சியில் நின்று சுற்றியும் பார்ப்பார்கள்.
எங்களுக்கு ஸோ. மறுபடி ஸோ.
ஸோ, ஸோ, ஃபா.
திரும்பவும் ஸோ.
"நீங்க இல்லீன்னா பாட்டு வெறுந்தோலுங்க"
என்பார் ஓபேத் சார்.
ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான்
ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

சாயப்பட்டறையைப் பூட்டிய வருடம்
அவருக்கு வேலை போனது, எனக்கு ஜெபம் போனது.
முழங்காலில் நின்றால்
கடன் கொடுத்தவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன.
அப்போதும் வியாழன் சாயங்காலம் ஒத்திகைக்குப் போனேன்.
ஆண்டவரிடம் சொல்ல ஒரு வார்த்தை இல்லை.
ஸோ இருந்தது.
அதைச் சொன்னேன்.

பங்குனி வெயில். ஷிப்மென்ட் நெருக்கடி.
கரண்ட் போயிற்று.
மெஷின்களெல்லாம் வாயடைத்த பிறகுதான் தெரிந்தது
நான் முனகிக்கொண்டிருக்கிறேன் என்று.
பக்கத்து மேசைத் துளசிமணி காதைச் சாய்த்தாள்.
"ஏனுங் சலோமியக்கா, இதென்ன பாட்டுங்?
பஸ்ஸு கெளம்பாம உறுமீட்டே நிக்கற மாதர!"
சிரித்துவிட்டேன்.
"பாதிப் பாட்டு அம்மிணி. மீதி கோயில்ல இருக்குது."
"அப்ப மீதிய நான் போடறனுங். நீங்க நிறுத்தீராதீங்."
என்று தன் ஊர்க் கும்மியில் ஓர் அடி எடுத்தாள்.
சேராது என்று எனக்குத் தெரியும்.
முதல் அடி சேரவில்லை.
இரண்டாவதன் நடுவில்
அவள் இறங்கி வர, நான் ஃபாவுக்கு நகர,
ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான்,
பஞ்சுத் தூசி பறக்கும் அந்த மாடி
அசையாமல் நின்றது.
ஓவர்லாக் பையன் டீ டம்ளரோடு திரும்பிப் பார்த்தான்.
ஜெனரேட்டர் உறுமியது. லைட் எரிந்தது.
மேசையில் ஒரு நீல பனியன்.
விரல் நுனியில் அம்பு.
தேடித் தேடிப் பார்த்தேன், ஒட்ட இடமில்லை.

கடன் இன்னும் ஒன்றரை லட்சம் இருக்கிறது.
மறுநாளே பன்னிரண்டு டேமேஜ் பிடித்தேன்.

ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் மூன்று கோடு:
பெயர், தொகை, காரணம்.
மற்றவர்கள் எழுதுவது எனக்கு மனப்பாடம்.
போர்வெல்லில் தண்ணீர். பேத்திக்கு நர்சிங் சீட்.
சிறுநீரகக் கல் கரைந்தது.
காணாமல்போன எருமை ஊதியூரில் கிடைத்தது.
நான் மூன்று முறை பேனாவைத் திறந்தேன்.
கரண்ட் போனதற்காக என்றால் சபை சிரிக்கும்.
துளசிமணிக்காக என்றால், யாரவள் என்பார்கள்.
கடைசியில் காரணத்தின் கோட்டில்
கைப்பையில் கிடந்த ஓர் அம்பை ஒட்டினேன்.

செயலர் யோபு பழனிச்சாமி கண்ணாடியை ஏற்றிவிட்டார்.
"சகோதரி சலோமி, நூற்றியொரு ரூபாய். காரணம்..."
கவரைத் தூக்கினார். அம்பு பலிபீடத்தைக் காட்டியது.
திருப்பினார். ஜன்னலை. எதிர் வீட்டு மாடியில் காயும் துணியை.
இன்னும் திருப்பினார். வாசலில் செருப்புக் குவியலை,
அதற்கு அப்பால் ரோட்டை.
"காரணம்... இந்தப் பக்கமா இருக்குதுங்க"
என்று பொதுவாகக் கையை வீசிவிட்டு உட்கார்ந்தார்.
பின்வரிசையில் யாரோ ஆமென் சொன்னார்கள்.

ஓபேத் சார் சுருதி கொடுத்தார்.
ஸோ.